இரண்டாம் தரத்துக்கு முதல் விலை

என்னிடம் இருக்கும் பழைய ரிவால்வர்களில் ஒன்றைக்கூட நான் சுட்டதில்லை, சுடவும் போவதில்லை. இதைச் சொன்னால் இங்கே கனெக்டிகட்டில் உடன் வேலை பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்களோ ‘துப்பாக்கியா!’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வீட்டம்மாவின் கேள்வி வேறு: “ஏங்க, சுடாத துப்பாக்கிக்கா இவ்வளவு காசு?” அவளுக்கு வாயால் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எழுத்திலாவது ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ப்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் செய்த சின்ன ரிம்ஃபயர் ரிவால்வர்களை மட்டும். .22, .32 அளவுகள் (தோட்டாவின் விட்டம், அங்குலக் கணக்கில்). பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரிம்ஃபயர் என்றால், தோட்டாவின் அடியில் மடித்திருக்கும் விளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து இருக்கும். சுத்தி அந்த விளிம்பில் அடித்தால் போதும், பற்றிக்கொள்ளும். பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் 1845 வாக்கில் வீட்டுக்கூடத்தில் குறி பார்த்து விளையாடுவதற்காகச் செய்த குட்டித் தோட்டாவிலிருந்து வந்த யோசனை இது. அதை நீட்டி, உள்ளே கருமருந்து அடைத்து, அதற்கென்றே ஒரு ரிவால்வரையும் செய்து 1857-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். அந்தத் தோட்டாதான் இன்றைக்கும் கடையில் கிடைக்கும் .22 ஷார்ட். அன்றைக்கு அதில் இருந்தது இரண்டு கிராமுக்கும் குறைவான ஈயக்குண்டும், அதைத் தள்ளக் கால் கிராம் கருமருந்தும். இன்றைய பெட்டியில் வருவது புகையில்லா மருந்து. அழுத்தம் வேறு. பித்தளைச் சட்டத்துக்கும் (துப்பாக்கியின் உடல், ஃப்ரேம்) 160 வருஷத்துக் கீலுக்கும் அது ஆகாது. நான் சுடாததற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், அந்தச் சத்தத்தில் எனக்கு ஆசையே இல்லை.

எனக்கு ஆசை வேலைப்பாட்டில். தொழிலே அப்படி. பீளமேட்டுப் பட்டறைகளில் ஆரம்பித்து, இங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுக்கு வந்து சேர்ந்தவன் நான். காலையிலிருந்து மாலை வரை மைக்ரோமீட்டரும் கேஜும்தான். அப்படிப்பட்டவன் கையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் நம்பர் 1-ஐக் கொடுத்தால் என்ன ஆகும்? சட்டத்தின் முன்பக்கம் அடியில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். அதை அழுத்தினால் பீப்பாய் மேல்நோக்கித் திறந்துகொள்ளும். கீல் மேலே, முன்பக்கத்தில். சிலிண்டர் அப்படியே கழன்று கைக்கு வரும். ஏழு அறை. பீப்பாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் அறை அறையாகக் குத்தினால் காலித் தோட்டாக்கள் விழும். ஏழு புதுசைப் போட்டு, சிலிண்டரை வைத்து, பீப்பாயை இறக்கினால் டிக் என்று ஒரு சத்தம். நன்றாக இருக்கும் துப்பாக்கியில் அந்த ‘டிக்’ ஒன்றே ஒன்றுதான் வரும். கீல் தேய்ந்திருந்தால் டிக்கோடு ஒரு லொடலொடப்பும் சேர்ந்து வரும். சந்தையில் எதை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இந்தச் சத்தத்தைத்தான். விற்கிறவர் அனுமதி கொடுத்த பிறகு, அதுவும் சிலிண்டர் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

இன்றைய கண்ணுக்கு இதெல்லாம் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு விஷயமே வேறு. சிலிண்டரின் அறையை முன்னும் பின்னும் திறந்த துளையாகப் போட்டு, பின்பக்கமாகத் தோட்டாவைச் செருகுவது என்பதே ஒருவரின் காப்புரிமை. 1855 ஏப்ரல் 3-ஆம் தேதி ரோலின் வைட் என்பவருக்குக் கிடைத்தது. ஸ்மித்தும் வெஸ்ஸனும் அதை விலைக்கு வாங்கவில்லை. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் பங்கு தருகிறோம், உரிமையை எங்களுக்கு மட்டும் கொடு என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: யாராவது காப்பியடித்தால் வழக்குப் போட்டுக் காப்பாற்ற வேண்டியது வைட்டின் பொறுப்பு. அந்த வரியில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். ஊரெல்லாம் காப்பியடித்தார்கள், வந்த பங்கில் பெரும்பகுதி வக்கீலுக்கே போனது. 1869-இல் காப்புரிமை முடிந்தது. அதை நீட்டித்துக் கொடுக்கும்படி வைட் நாடாளுமன்றம் வரை போனார். மசோதாவும் நிறைவேறிவிட்டது. 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ராணுவத்தின் தளவாடத் துறைத் தலைவருக்கே அந்த நீட்டிப்பில் உடன்பாடில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தக் காப்புரிமையால் அரசு பட்ட தொல்லை போதும் என்பது அவர் கட்சி. வைட்டுக்காக நான் கொஞ்சம் வருத்தப்படுவேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதியவரின் மூளையைப் பார்த்தால் வேறென்ன செய்வது, ஒரு சலாம் போடத்தான் தோன்றுகிறது.

இந்தக் காப்புரிமைக் கதை விலைக்குள்ளும் வரும். அதற்கு முன்னால் மாடல் நம்பர் 1-இன் மூன்று ஈடுகளை, அதாவது அடுத்தடுத்து வந்த மூன்று வடிவங்களை, சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதல் ஈடு 1857 முதல் 1860 வரை. 11,000-க்குக் கொஞ்சம் மேல்தான் செய்தார்கள். பித்தளைச் சட்டம், பக்கவாட்டில் உருண்டிருக்கும். பக்கமூடி வட்டமாக இருக்கும். இரண்டாம் ஈடு 1860 முதல் 1868 வரை, ஒரு லட்சத்துக்கும் மேல். அதுவும் பித்தளைதான், ஆனால் பக்கங்கள் தட்டை. இரண்டுக்கும் எட்டுப்பட்டைப் பீப்பாய், மொழுக்கென்ற சிலிண்டர், அடி சதுரமான ரோஸ்வுட் பிடி. மூன்றாம் ஈடு 1868-இல் வந்து 1880-களின் தொடக்கம் வரை ஓடியது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் அளவுக்கு. அதில் சட்டம் இரும்பு, பீப்பாய் உருண்டை, சிலிண்டரில் பள்ளம் வெட்டியிருக்கும், பிடி பறவைத் தலை போல வளைந்திருக்கும்.

சிக்கல் வரிசை எண்ணில். முதல் இரண்டு ஈடுகளுக்கும் எண் தொடர்ந்து போகிறது. மூன்றாவதில் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் பிடியின் அடியில் நாலு இலக்க எண்ணைப் பார்த்ததும், ‘இது 1857-இல் செய்தது, முதல் சில ஆயிரங்களில் ஒன்று’ என்று விலைச்சீட்டு எழுதிவிடுகிறார்கள். வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டின் கண்காட்சி மைதானத்தில் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில் ஒருவர் மூன்றாம் ஈட்டை வைத்துக்கொண்டு, அவருடைய கொள்ளுத்தாத்தா அதைக் கெட்டிஸ்பர்க் போரில் இடுப்பில் வைத்திருந்ததாகச் சொன்னார். கெட்டிஸ்பர்க் 1863. அந்தத் துப்பாக்கி பிறந்ததே 1868-க்குப் பிறகு. பெரியவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள். நான் எதுவும் சொல்லாமல் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். கதைக்கு அவர் கேட்ட 400 டாலர் கூடுதல் எனக்குக் கட்டுப்படியாகாது.

இனி விலை. விலையைத் தீர்மானிப்பது துப்பாக்கி எவ்வளவு அரிது என்பது மட்டுமல்ல, மேல்பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும்தான். இங்கே சேர்ப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவுகோலைப் பேசுகிறார்கள், தேசிய ரைபிள் சங்கம் பழம் துப்பாக்கிகளுக்கு வகுத்தது. எக்ஸலண்ட் என்றால் பாகமெல்லாம் அசல், அசல் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல். ஃபைன் என்றால் 30-க்கு மேல். வெரி குட்டில் பூச்சே இல்லாமலும் இருக்கலாம், ஆனால் பாகங்கள் அசலாக இருக்க வேண்டும். குட் என்று இறங்கினால் சில்லறைப் பாகங்கள் மாறியிருக்கலாம், மறுபடி பூச்சுப் போட்டிருக்கலாம். பெயரைக் கேட்டு மயங்கக் கூடாது. ‘குட்’ என்பது இங்கே நல்லது என்று அர்த்தமில்லை. நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் ‘பாஸ்’ போட்ட மாதிரி.

இந்த அளவுகோலில் ஒரு துப்பாக்கியை நாலு படி கீழே தள்ள மிகச் சுலபமான வழி, அதைச் சுத்தம் செய்வது. பழைய புளூயிங் (இரும்பின் மேல் ஏற்றும் நீலக்கறுப்பு நிறம்) காலப்போக்கில் காப்பிக்கொட்டை நிறத்துக்குத் திரும்பும். பித்தளைச் சட்டத்தின் மேல் போட்ட வெள்ளி முலாம் கறுத்துப்போய், அழுக்கு மாதிரி இருக்கும். வீட்டில் இருக்கும் நல்ல உள்ளம் யாராவது அதைப் பார்த்து, ‘ஐயோ, இப்படிக் கிடக்கிறதே’ என்று பிராஸோ போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பளபளவென்று தங்கமாக மின்னும். விலை பாதியாகிவிடும். அதைவிட மோசம் பஃபிங் சக்கரத்தில் (மெருகேற்றும் துணிச்சக்கரம்) கொடுத்து எடுத்து, மேலே நிக்கல் முலாம் போடுவது. நம்மூர்ப் பட்டறையில் பஃப் போட்ட சாமானைப் பார்த்தவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. எட்டுப்பட்டைப் பீப்பாயின் ஓரங்களில் விரல் நுனியை ஓட்டினால் போதும். அசலில் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். பஃப் போட்டதில் சோப்பு கரைந்தது போல வழுக்கும். அப்புறம் திருகாணித் துளையின் விளிம்பைப் பாருங்கள். துணிச்சக்கரம் அங்கே சற்றுக் குழித்திருக்கும். எழுத்துகள் ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கியும் இருக்கும். நிக்கலுக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தால் பேச்சே வேண்டாம். தொழிற்சாலையில் துருப்பிடித்த இரும்புக்கு யாரும் முலாம் போட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பாகங்கள் ஒன்றுக்கொன்று சொந்தமா என்று பார்ப்பது அடுத்த வேலை. சேர்த்துப் பொருத்தும்போது பீப்பாயிலும் சிலிண்டரிலும் பிடிச்சட்டத்திலும் ஒரே குறியைக் குத்தியிருப்பார்கள். எழுத்தோ எண்ணோ, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வலப்பக்க மரப்பிடியின் உட்புறத்தில் வரிசை எண் இருக்கும். அந்தப் பிடியைக் கழற்ற வேண்டுமென்றால் திருகாணிக்குச் சரியான முனை வேண்டும். விளிம்பு பிய்ந்த திருகாணியைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும். சிலிண்டர் அறைகளின் வாயில் அரிப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். கருமருந்துச் சாம்பலை அன்றே கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். ஒரு சிப்பாய் போர்முனையில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மைதான். அதனால் லேசான அரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, விலைபேசும்போது தவிர.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு, நான் கண்ணால் பார்த்த வியாபாரங்களை வைத்துச் சொல்கிறேன். மூன்றாம் ஈடு, சுமாரான நிலையில், 250 முதல் 400 டாலருக்குள் கைமாறுகிறது. இரண்டாம் ஈடு அதைவிட நூறு, இருநூறு கூட. முதல் ஈடு ஆயிரத்தில்தான் ஆரம்பம். அதிலேயே ஆறு வகை பிரிக்கிறார்கள், ஆரம்ப வகைக்குப் போகப் போக எனக்கெல்லாம் எட்டாத விலை. அந்தக் காலத்து கட்டாபெர்ச்சா (ரப்பர் போன்ற மரப்பால் பொருள்) பெட்டியோடு கிடைத்தால், பெட்டியே துப்பாக்கிக்குச் சமமாக நிற்கும். இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மதிப்புப் போடாதீர்கள். கேட்கிறவர் எதையும் கேட்கலாம். ஏலங்களில் முடிந்த விலையைப் பாருங்கள், அதன் மேல் ஏலக்கடை போடும் கமிஷனையும் சேர்த்து.

இவ்வளவும் சொன்னது ஒரு துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதற்காக. என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது இரண்டாம் ஈட்டில் ஒன்று. பீப்பாயில் சின்ன எழுத்தில் ‘2டி குவால்ட்டி’ என்று குத்தியிருக்கிறது. இரண்டாம் தரம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், வீட்டிலிருந்து கிளம்பும் சிப்பாய்க்கு அப்பாவோ அம்மாவோ வாங்கிக் கொடுத்த துப்பாக்கிகளில் ஒன்று இந்த இரண்டாம் ஈடு. ராணுவம் கொடுத்ததல்ல, சொந்தக் காசு. செய்யச் செய்ய விற்றுக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடியிலும் ஆய்வு மேசையில் உட்கார்ந்த ஒருவன், ‘இது வேலை செய்யும், ஆனால் நம் பெயருக்கு முழுத் தகுதி இல்லை’ என்று தனியே எடுத்து வைத்திருக்கிறான். அவற்றை உருக்கவில்லை. முத்திரை குத்தி, விலை குறைத்து விற்றார்கள். சில ஆயிரம் இப்படிப் போயின. இன்றைக்கு அதே நிலையில் உள்ள முதல் தரத்தைவிட இந்த முத்திரை உள்ளதற்கு விலை கூட!

குறை எது என்று பத்து மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு தேடினேன். பீப்பாய் நேர். சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் சரியாகப் பூட்டுகிறது. பட்டை ஓரமெல்லாம் நன்றாக இருக்கிறது. கடைசியில் பக்கமூடிக்குக் கீழே, பித்தளையில், ஊசி குத்தியது போல இரண்டு வார்ப்புத் துளைகள். வெள்ளி முலாம் அந்த இரண்டுக்குள்ளும் இறங்காமல் நின்றிருக்கிறது. அவ்வளவுதான். இதற்காகத்தான் தள்ளினார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் லைனில் இப்படி ஒன்று வந்தால் நாங்கள் நாலு பேர் கூடிப் பேசி, ‘டிவியேஷன்’ (சிறு குறைக்கு விலக்கு) போட்டு, முதல் தரமாகவே அனுப்பியிருப்போம். இந்த ஆள் அனுப்பவில்லை. யார் என்று தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இதைப் படமெடுத்து எங்கள் குழுவில் காட்டினேன். எங்கள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, “இவர் நம்மிடம் வேலைக்கு வந்தால் டெலிவரி படுத்துவிடும்” என்றார்.

காப்புரிமை முடிந்த பிறகு என்ன நடந்தது என்பது இந்தச் சேகரிப்பின் இன்னொரு முனை. 1870-களில் ஆளாளுக்கு மலிவு ரிவால்வர் செய்ய ஆரம்பித்தார்கள். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் நார்விச் நகரம் அதற்கு ஒரு தலைமையிடம். ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் முதலான கம்பெனிகள் அங்கே இருந்தன. செய்தவன் பெயரைப் போடாமல், கடைக்காரர் கேட்ட பெயரைக் குத்திக் கொடுப்பார்கள். ‘ட்ராம்ப்ஸ் டெரர்’, ‘ஸ்வாம்ப் ஏஞ்சல்’, ‘ரெட் ஜாக்கெட்’ என்று பெயர்கள் ஒவ்வொன்றும் தீபாவளி வெடிப் பெட்டியில் இருக்க வேண்டியவை. சேர்ப்பவர்கள் இந்த வகைக்கு ‘சூசைட் ஸ்பெஷல்’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். நூறு டாலர் முன்னே பின்னே கிடைக்கும். வேலைப்பாடு பெரும்பாலும் மட்டம். சிலிண்டர் பூட்டும் இடத்தில் கை வைத்தாலே ஆடும். என் நண்பர் ஒருவர் பெயருக்குப் பெயர் சேர்க்கிறார். சுவர் நிறைய இருக்கிறது. எனக்கு அது தீப்பெட்டி லேபிள் சேர்ப்பது போலத் தோன்றும். அவரிடம் சொல்லமாட்டேன்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1968-ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்தது ‘பழம்பொருள்’. மத்திய அரசு அதைச் சாதாரணத் துப்பாக்கியாக எண்ணுவதில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வாங்குமுன் உங்கள் மாநிலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் என்பதற்காகக் குழந்தைகள் கைக்கெட்டும்படி வைக்கவும் கூடாது. என்னுடையவை எல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டியில்தான். தோல் உறையில் வைப்பதில்லை, தோலில் இருக்கும் அமிலம் பித்தளையில் பச்சை பூக்க வைக்கும். அருங்காட்சியகங்களில் பூசும் ரினைசான்ஸ் மெழுகை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். ஊருக்கு எடுத்துப்போய்க் காட்டலாமா என்று அக்கா மகன் கேட்டான். “மாமா ஜெயிலுக்குப் போறதைப் பாக்கணும்னு ஆசையாடா?” என்றேன்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டின் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் 2023-இல் டென்னஸிக்குப் போய்விட்டது. பழைய விற்பனைப் பதிவேடுகளைப் பார்த்து, எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் எழுதிக் கொடுக்க ஒரு வரலாற்று அறக்கட்டளை இருக்கிறது. காசு வாங்குவார்கள். விலை உயர்ந்ததை வாங்கும்போது அந்தக் கடிதத்துக்குச் செலவழிப்பதில் தப்பில்லை. 300 டாலர் துப்பாக்கிக்கு அது வீண் என்பது என் கட்சி.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ப்ரூக்ளினில் இருந்த மூர் கம்பெனியின் ஏழு ரவுண்டு .32. வைட்டின் காப்புரிமையை மீறிச் செய்து, வழக்கில் தோற்று, கையில் இருந்த சரக்கின் மீது ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்தது’ என்று குத்திக் கொடுக்க வேண்டி வந்தது. காப்பியடித்த மற்றவர்களான பாண்ட், வார்னர், பேக்கன் ஆகியோருக்கும் அதே கதிதான். முத்திரை இல்லாத மூர் அடிக்கடி கண்ணில் படுகிறது. முத்திரை உள்ளது, பீப்பாய் ஓரம் கரையாமல், பஃப் சக்கரத்தில் படாமல் எங்காவது பார்த்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள். வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.